கத்தரிக்கோல் கேட்டு வந்தவர்கள்

கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, முருகன் படத்துக்கும் மாதா படத்துக்கும் சேர்த்து ஒரே ஊதுபத்தியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“அம்மா, செத்த கத்தரிக்கோல் குடுங்களேன். இந்தா, இப்பக் கொண்டாந்துருவேன்.”

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தாலும் அந்தக் குரல் எனக்குத் தெரியும். அவர் ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியர். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து, கறிக்குழம்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போனவர்.

தையல்காரியிடம் எதையும் இரவல் கேட்கலாம், துணி வெட்டும் கத்தரிக்கோலை மட்டும் கேட்கக் கூடாது. வேறு எதை வெட்டினாலும் அதன் முனை போய்விடும். மீசை ஒதுக்குவதற்காக என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் கொஞ்சிக் கேட்டார், பிறகு சண்டை போட்டுக் கேட்டார். அவருக்கே கொடுத்ததில்லை.

“எதுக்கு சார்?” என்றேன்.

“சார்னு சத்தமாச் சொல்லாதீங்கம்மா” என்றவர், மோவாயால் ரோட்டின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் வரை வெறும் இரும்புக் குழாய் நின்ற இடத்தில், வீட்டுச் சுவர் அகலத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். நடுவில் என் வீட்டுக்காரர் சவரிமுத்து, எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்குச் சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ‘எல்லாப் புகழும் கர்த்தருக்கே’. மார்புக்குக் குறுக்கே ‘குடியை வென்ற கோமான்’. காலடியில் வட்டம் வட்டமாகச் சில முகங்கள். அந்த வட்டங்களுக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் ‘குடியை வென்ற குழு நண்பர்கள்’.

வலது ஓரத்து வட்டத்தில், வாயில் கறித்துண்டோடு, தலைமையாசிரியர்.

யார் யார் வருகிறார்கள் என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்பதுதான் அந்தக் குழுவின் முதல் ஒழுங்கு. பெயரைக்கூட முழுதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அவர்களை வத்தலக்குண்டு ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, கலரில் மாட்டியிருந்தது.

என் நல்ல கத்தரிக்கோலைக் கொடுக்கவில்லை. நூல் வெட்டுகிற பழசு ஒன்றை எடுத்து நீட்டினேன்.

என் கழுத்தைப் பார்த்தவர்கள்

இது யார் செய்த வேலை என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் முருகனுக்கு மொட்டை போடுவார்கள், பாதிப்பேர் மாதா தேருக்கு மாலை வாங்குவார்கள். பெண் கொடுத்து எடுப்பதில் வித்தியாசம் பார்ப்பதில்லை. நான் செம்பட்டியில் முருகன் வீட்டில் பிறந்து, திண்டுக்கல்லில் மாதா வீட்டில் வாக்கப்பட்டவள். இரண்டு பக்கச் சாமியும் எனக்குப் பரிச்சயம். இரண்டு பக்கச் சாமியாலும் என் வீட்டுக்காரரின் குடியை நிறுத்த முடியவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பஸ் ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பி, ஊர் ஊராக நின்று வேலைக்கு வருகிறவர்களை ஏற்றிப் போக வேண்டும். குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, அந்த மட்டும் நல்ல மனுஷன். குடித்தால் எழுந்திருக்கவே மாட்டார், அவ்வளவுதான். மில் பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு ரோட்டில் பனியில் நின்றுகொண்டே இருப்பார்கள். கடைசியில் மில்லில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், இன்னொரு தரம் இப்படி நடந்தால் வண்டிச் சாவி வேறு ஆளுக்கு என்று.

நானும் சொல்லிவிட்டேன். கத்தவில்லை, அழவில்லை. கத்தியும் அழுதும் பார்த்து முடித்திருந்தேன். பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கி, என் நல்ல புடவைகளை அடுக்கி, பூட்டி, மறுபடி பீரோ மேலேயே வைத்தேன். “இன்னொரு தடவை வாடை வந்துச்சுன்னா இது இறங்கும். செம்பட்டிக்குப் போனா நான் திரும்ப மாட்டேன்” என்றேன். திண்டுக்கல்காரர் என்பதால் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

முதலில் களத்தில் இறங்கியவர் அவருடைய அக்கா ஸ்டெல்லா. எனக்கு மதினி. பிறந்து வளர்ந்த மாதா கோயிலை விட்டு எப்போதோ ஜெபக்கூட்டத்துக்கு மாறியவர். தன் வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட், கீபோர்டு எல்லாம் வைத்து, குடிகாரர்களை மீட்பதற்கென்றே புதன்கிழமைதோறும் கூட்டம் நடத்துகிறார். தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். தலையில் கை வைத்து எல்லோரும் ஜெபித்தார்கள். என்னவர் அழுதார். அன்றிலிருந்து சில வாரங்கள் நிஜமாகவே குடிக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நாக்கு அழுகிப்போகும்.

பிறகுதான் வினை வந்தது. விடுதலை பெற்றவர் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சியில் விழுந்த பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தூக்கிவிட்ட கைக்குப் பெருமை. முதல் வாரம் ‘வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தேன்’ என்றார். கூட்டம் லேசாக ‘ஆமென்’ என்றது. இரண்டாம் வாரம் ‘பொண்டாட்டியை அடித்தேன்’ என்றார். அவர் என்னை அடித்ததே இல்லை. அடிக்கக் கை ஓங்கியிருந்தால் அந்தக் கை இன்று ஸ்டியரிங் பிடித்திருக்காது. ஆனால் ஆமென் பலமாக வந்தது.

மைக்கும் ஆமெனும் ருசி கண்டவர், வத்தலக்குண்டில் ஒரு பெரிய கூட்டத்தில் என் தாலியை விற்றுக் குடித்ததாகச் சொல்லிவிட்டார். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தாலி என் கழுத்திலேயே கிடந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துத் தாலியை மறைத்துக்கொண்டேன். கணவனின் சாட்சியைக் காப்பாற்றத் தாலியை மறைத்த ஒரே பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

அன்றைக்குத் திரும்பும் வழியில், “இந்தா வாரேன்” என்று பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் குடித்துவிட்டு வந்தார். சாட்சி சொன்ன வாய் காய்வதற்குள். நான் பெட்டியை இறக்கினேன். அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்திருக்கச் சொல்லவும், அவர் மாட்டேன் என்று தலையாட்டவும், அப்படியே அவர் கிளம்புகிற நேரம் வந்துவிட்டது. போதை தெளிந்து மில் பஸ்ஸை மட்டும் எப்படியோ எடுத்துவிட்டார், பெட்டியை நான் மறுபடி பீரோ மேல் ஏற்றினேன்.

ஒன்றாம் வகுப்பு

செம்பட்டியிலிருந்து என் அண்ணன் வந்து தன் பங்குக்கு ஒரு வழி சொன்னான். அங்கே ஒரு கோயிலில் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டுவார்கள். கயிறு இருக்கும்வரை எந்தக் கொம்பனும் தொட மாட்டான். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. கயிறு அவிழ்க்கிற நாளில் அந்த ஊர் மதுக்கடையில் நிற்கிற கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன்.

தலைமையாசிரியர்தான் மூன்றாவது வழி. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளின் உடை தைக்கக் கொடுக்க வந்தவர், கடை ஓரத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்த என்னவரைப் பார்த்தார். அளவுச் சீட்டைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் அவர் காதில் என்னவோ சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒன்றாகப் போனார்கள்.

அது குடியை விடப் பன்னிரண்டு படிகள் என்று வைத்துக்கொண்டு, குடித்தவர்களே கூடி நடத்துகிற கூட்டம். செவ்வாயும் சனியும். என் அண்ணன் கேள்விப்பட்டுச் சிரித்தான். “பழனியில அம்புட்டுப் படி ஏறி எறங்கியும் திருந்தாத ஆளு. பன்னெண்டு படியில திருந்தப் போறாராக்கும்!”

மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்காரிகளும் வரலாம் என்றார்கள். போனேன். இடம் எது தெரியுமா? ஒரு சர்ச் வளாகத்துப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பறை. வேறு அறை கிடைக்கவில்லையாம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, பெரிய பெரிய ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அணில், ஆடு, இலை. மைக் இல்லை, கீபோர்டு இல்லை. ஒருவர் எழுந்து, “என் பேரு இன்னது. நான் ஒரு குடிநோயாளி” என்பார். மற்றவர்கள் “வணக்கம்” என்பார்கள். அவர் நடந்ததைச் சொல்வார். யாரும் கைதட்டவில்லை, யாரும் இன்னும் ஆழமாக விழச் சொல்லவில்லை. முடிவில் டீயும் மிக்சரும் வந்தன. இத்தனை வருஷம் எதற்குத் தொட்டுக்கொள்ள மிக்சர் வாங்கினார்களோ அது இல்லாமல், வெறும் மிக்சரை முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றார்கள்.

அடுத்து என்னவர் எழுந்தார். என் கை தன்னால் கழுத்துக்குப் போனது.

“எம் பேரு சவரிமுத்து. நான் ஒரு குடிநோயாளி. நான் வண்டியக் கொண்டுபோகாம எம் பிள்ளைக பனியில நின்னுச்சுக” என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். தாலி விற்கப்படவில்லை.

கர்த்தரா, கேட்டா?

மதினிக்கு ஆற்றாமை தாங்கவில்லை. நேரே என் கடைக்கு வந்து, நான் ஒரு பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“ஏத்தா மல்லிகா, ஒனக்கே இது நல்லாருக்கா? நாங்க விடுதலையானவன்னு சொல்றோம். அவங்க நோயாளி நோயாளின்னு சொல்ல வைக்கிறாங்க. காலம் பூரா அப்படியே சொல்லிக்கிட்டுத் திரியணுமாம்ல? அந்த வாயில எப்படித்தா ஆசீர்வாதம் எறங்கும்?”

“குடிக்காம இருக்காருல்ல மதினி.”

“குடிக்காம இருந்தா ஆச்சா? யாராலன்னு சொல்ல வேணாமா?”

அதுதான் சங்கடம். அந்தப் பன்னிரண்டு படிக் கூட்டத்திலும் தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் ஒப்படைக்கத்தான் சொல்கிறார்கள். எது என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். என்னவர் வீட்டுக்கு வந்து நிறைய யோசித்தார். மாதாவிடம் ஏகப்பட்ட தடவை பொய்ச் சத்தியம் செய்திருந்தார், அதனால் முகம் கொடுக்கக் கூச்சம். முருகனிடம் என் வழியில் சொந்தம், அங்கேயும் கூச்சம். கடைசியில் ரயில்வே கேட்டைத் தேர்ந்தெடுத்தார்.

“கேட்டு போட்டுட்டான்னா எம்புட்டு ஹாரன் அடிச்சாலும் தெறக்காது மல்லிகா. கலெக்டர் வண்டியானாலும் நின்னுதான் ஆகணும். குடிக்கணும்னு வரும்போது கேட்டு போட்டாச்சுன்னு நெனச்சுக்கிறேன். செத்த நேரத்துல ரயிலு போயிருது.”

எனக்கு இது நியாயமாகவே பட்டது. மதினிக்கு மயக்கமே வந்துவிட்டது. “கர்த்தர விட்டுட்டு கேட்டக் கும்புடுறானா!” என்று ஊர் முழுக்கச் சொல்லி அழுதார். ஆனாலும் ஒவ்வொரு புதன்கிழமையும் மாடியில் தம்பி பெயரைச் சொல்லி ஜெபிக்காமல் இருந்ததில்லை. தம்பி குடிக்காமலிருப்பது தன் ஜெபத்தால்தான் என்று அவர் நம்பினார். மிக்சரால் என்று குழுக்காரர்கள் நம்பினார்கள். பீரோ மேலிருந்த பெட்டியால் என்று நான் நம்பினேன்.

ஒரு வருஷம் ஆனது. என்னவர் குழுவினரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். மதினியும் வந்திருந்தார், மனம் நிறைந்து பரிமாறினார், செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார். நல்ல காரியத்தைப் போட்டோ எடுக்கிறார் என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் காது குத்தினால் ஃபிளெக்ஸ், மொட்டை போட்டால் ஃபிளெக்ஸ், புது பைக் வாங்கினால் ஃபிளெக்ஸ். எங்கள் தெருவில் ஒரு நாய்க்குட்டியின் பிறந்தநாளுக்கே வைத்தார்கள். விசேஷம் என்று ஒன்று நடந்து ஃபிளெக்ஸ் வைக்கவில்லை என்றால், சொந்தக்காரர்களுக்குள் மனஸ்தாபம் என்று பொருள். அதிலும் நண்பர்களின் படத்தை வட்டத்துக்குள் போடாவிட்டால் அவர்களுக்கு அவமரியாதை. மதினி யாரையும் விடவில்லை. வெற்றியைக் கர்த்தருக்கும் வட்டங்களைக் குழுவுக்குமாகப் பங்கு பிரித்திருந்தார். அதைவிட நியாயமாக யார் நடந்துகொள்ள முடியும்?

ஓட்டைகள்

தலைமையாசிரியர் ஹெல்மெட்டோடு தன் வட்டத்தைச் சுத்தமாக வெட்டி எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

அடுத்து, தலையில் துண்டும் முகத்தில் மாஸ்க்குமாக ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. “ஒரு அவசரத்துக்கு, கத்தரி…” என்று இழுத்தார். கொடுத்தேன். அவர் வெட்டிக்கொண்டிருக்கும்போதே கோழிக்கறிக் கடைக்காரர் சொந்தக் கத்தியோடு வந்துவிட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவரவர் முகத்தை அறுத்தார்கள். வாராவாரம் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள், ரோட்டில் பார்த்தால் தெரியாத மாதிரி இருக்க வேண்டும் என்ற பழக்கத்தில், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

பக்கத்து டீக்கடைக்காரர் பால் சட்டியைக் கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வங்கி அதிகாரி போனதும் என்னிடம் கேட்டார்.

“ஏத்தா, இவரு எதுக்கு மூஞ்சிய மூடிக்கிட்டு வாராரு? இவரு குடிப்பாருன்னு ஊருக்கே தெரியும். எங்கடை வாசல்லயே எத்தன தரம் விழுந்து கெடந்துருக்காரு. விட்டுட்டாருங்கறதுதான் எனக்கு இன்னைக்குத் தெரியும்!”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். விழுந்ததெல்லாம் நடுரோட்டில், எழுந்ததை மட்டும் ஒன்றாம் வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

சிரிப்பு மத்தியானம்வரைதான் இருந்தது. அதற்குள் கீழ் வரிசை முழுக்க ஓட்டை. ஓட்டைகளின் வழியாகப் பின்னாலிருந்த புளியமரம் தெரிந்தது. நடுவில் என்னவர் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றார். விடியுமுன் வண்டி எடுத்துப் போனவருக்கு இது எதுவும் தெரியாது. வண்டி ஓட்டும்போது போனை அணைத்துவிடுவார்.

ஆனால் மில்லில் யாராவது போட்டோ காட்டியிருப்பார்கள். அவரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். குழுவில் இனி சேர்த்துக்கொள்வார்களா? நம்பி வந்தவர்களை நடுரோட்டில் மாட்டிவிட்டவர் என்றுதானே பேசுவார்கள்? அந்த அவமானத்தோடு வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருகிற வழியில் எத்தனை கடைகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, என் நல்ல கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். அவர் கழுத்துக்குக் கீழே முனையை வைத்தும்விட்டேன். வெட்டவில்லை. மற்றவர்கள் அவரவர் முகத்தை அவரவர் வந்து வெட்டினார்கள். இவர் முகத்தை நான் எப்படி வெட்டுவது? ஸ்டூலோடு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அவர் வருகிற நேரம் தாண்டியது. ஒரு பிளவுஸுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி அதையே மாற்றித் தைத்தேன். பயந்துபோயிருந்தேன். பெட்டியை இறக்க வேண்டி வருமே என்றுதான் பயம். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, செம்பட்டிக்குப் போக எனக்குத் துளிகூட விருப்பமில்லை.

வெயில் இறங்கிய பிறகு நடந்து வந்தார். ஃபிளெக்ஸ் முன்னால் நின்று பார்த்தார். பிறகு ரோட்டைத் தாண்டி வந்தார். நான் எழுந்து போய், பழைய பழக்கத்தில், அவர் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன். டீசல் வாடையும் பஞ்சு வாடையும்தான்.

“கேட்டு போட்டுட்டான்” என்றார். “நெசமாவே போட்டுட்டான். ரெண்டு ரயிலு.”

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, “இனிமே எங்க வாசப்பக்கம் வராத. எம்மேல உள்ள கோவத்துக்கு அந்த மனுசங்கள ஏன் தெருவுல இழுத்த?” என்றார். அந்தப் பக்கம் மதினி, “கோவமா? நான் சந்தோசத்துலதானடா வச்சேன்” என்று கதறியது எனக்கே கேட்டது. அவர் வைத்துவிட்டார். அதன் பிறகு அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை தலை குனிந்துகொண்டு குழுவுக்குப் போனார். திரும்பி வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “மிக்சர் சாப்புடச் சொன்னாங்க” என்றார்.

மழைக்கு ஒரு மறைப்பு

அவர் கடைசிவரை தன் முகத்தை வெட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அம்புட்டுப் பெருசா வெட்டுனா மிச்சம் என்ன இருக்கும்? சும்மா கெடக்கட்டும்” என்றார். ஒரு மழை வாரத்தில் யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஊரில் ஃபிளெக்ஸுக்கு மறுபிறவி உண்டு. மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், வைக்கோல் போருக்குப் போர்வையாகும்.

இது எங்கே போய்ப் பிறந்தது தெரியுமா? வேடசந்தூர் ரோட்டில், மதுக்கடைக்குப் பக்கத்திலேயே, முட்டையும் சுண்டலும் விற்கிற ஒரு அம்மாளின் தள்ளுவண்டிக்கு மறைப்பாக. படம் உள்பக்கம் பார்த்தபடி. குடிக்க வருகிற ஒவ்வொருவரும் என் வீட்டுக்காரரின் சிவந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் முட்டையை உரித்தார்கள். கேட்டு வாங்கி வரச் சொன்னேன். “அந்தம்மா, மழைக்குத் தோதா இருக்குங்குது. எப்படிப் புடுங்குறது?” என்றார். மில் பிள்ளைகள் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் ‘அண்ணே, ஒங்க படம்!’ என்று கத்துவார்களாம்.

அப்படியே சில மாதங்கள் போயின. ஒரு நாள் பொழுது சாயும் நேரம், நான் கடையில் விளக்கைப் போட்டேன். அவர் வேலை முடிந்து வந்து உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு ஆள். முப்பது வயது இருக்கலாம், மில் சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நிற்க முடியாமல் ஷட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாடை எனக்கு மிஷினடிக்கே வந்தது.

“அக்கா, ஓட்ட ஓட்டையா ஒரு ஃபிளெக்ஸு… அதுல நடுவுல இருக்க அண்ணன் வீடு இதானா? பஸ்காரங்க சொன்னாங்க.”

அவர் டம்ளரோடு வெளியே வந்தார். அந்த ஆள் அவரையே பார்த்தான். படத்தில் இருந்த சிவப்பு இல்லை என்று யோசித்தானோ என்னவோ.

“அண்ணே, அதுல போட்டிருக்கது நெசமா?”

“இன்னைக்கு நெசம்தான்” என்றார் என்னவர். “நாளைக்கு நாளைக்குத்தான் தெரியும்.”

அந்த ஆள் வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். வீட்டுக்காரி பிள்ளையோடு போய்விட்டாளாம். பெட்டியைப் பூட்டி மிரட்டிப் பார்க்காமலே கிளம்பிவிட்டவள் போலிருக்கிறது.

“மல்லிகா, இன்னைக்கு என்ன கெழமை?”

“புதன்” என்றேன். ஒன்றாம் வகுப்பறை சனிக்கிழமைதான் திறக்கும்.

அவர் அந்த ஆளின் தலையைப் பார்த்தார். “சனிக்கெழமை வரைக்கும் தாங்க மாட்டான்” என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். “அக்கா கூட்டம் ஏழு மணிக்குத்தான?”

எந்தக் கூட்டம் சரி என்று எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக நடந்த வழக்கு, யாருக்கும் தெரியாமல் அந்த வாசற்படியில் தீர்ந்துபோனது.

“நானும் வாரேன்” என்றேன். தையல் நூல் ஒட்டிய புடவையோடு போக முடியாது. நல்ல புடவை எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. பீரோ மேலிருந்து அதை அவர்தான் இறக்கிக் கொடுத்தார். இறக்கும்போது என் முகத்தைப் பார்த்தார். நான் பூட்டைத் திறந்து ஒரு பச்சைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். பெட்டியைத் திரும்பப் பூட்ட நேரமில்லை.

மொட்டைமாடிக்கு நாங்கள் ஏறியபோது மதினி மைக்கில் உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தார். தம்பியையும் அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்த ஆளையும் பார்த்ததும் குரல் நின்றுவிட்டது. இறங்கி வந்து, ஒரு நாற்காலியைத் துடைத்து, அந்த ஆளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். பிறகு தம்பிக்கு முன்னால் வந்து, கையிலிருந்த மைக்கை நீட்டினார்.

முன்வரிசைப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வத்தலக்குண்டுக்கு வந்திருந்த சிலரும் அதில் இருந்தார்கள். நான் முந்தானையைத் தொட்டேன், ஆனால் இழுக்கவில்லை.

“எம் பேரு சவரிமுத்து” என்றார் அவர். மைக் கொஞ்சம் கீச்சிட்டது. “நான் ஒரு குடிநோயாளி.”

மாடியில் இருந்தவர்களுக்கு இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாது. வணக்கம் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. பிறகு தங்களுக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னார்கள்.

“ஆமென்.”

முதலில் சொன்னது மதினி.